உண்ணிக் காய்ச்சல் நாய்க்கு அல்சர் மருந்து: எதை எப்போது கொடுப்பது

உண்ணிக் காய்ச்சல் (எர்லிக்கியா) வந்த நாயின் மருந்துச் சீட்டில் டாக்ஸிசைக்ளின் (கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக், சுருக்கமாக டாக்ஸி) இல்லாமல் இருக்காது. பெரும்பாலும் 28 நாள் எழுதியிருப்பார்கள். ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) இறங்கியிருந்தால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சேரும். சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் அமிலத்தை அடக்கும் ஓமெப்ரசோல், மலம் கருப்பாகப் போனால் புண்மேல் ஒட்டி மூடும் சுக்ரால்ஃபேட். நான்கும் தேவையான மருந்தாகவே இருக்கலாம். காலையில் நான்கையும் ஒரே இட்லித் துண்டுக்குள் பொதிந்து கொடுக்கும்போதுதான் வம்பு. காய்ச்சலைத் தீர்க்க வேண்டிய டாக்ஸி ரத்தத்தில் சேராமல் சுக்ரால்ஃபேட்டோடு ஒட்டிக்கொண்டு மலத்தில் போய்விடும்.

காரணம் சுக்ரால்ஃபேட்டில் இருக்கும் அலுமினியம். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின், தைராய்டு மாத்திரை, இதய மருந்தான டிகாக்ஸின் எல்லாவற்றையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். நாய்களில் அளந்து பார்த்ததில், டாக்ஸியை முதலில் கொடுத்து 2 மணி நேரம் கழித்து சுக்ரால்ஃபேட் கொடுத்தால் டாக்ஸியின் அளவு குறையவில்லை. வரிசை முக்கியம். சுக்ரால்ஃபேட் முன்னால் போய்விட்டால் பசை போல இரைப்பையில் மணிக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். அதன்மேல் விழுகிற மாத்திரை மாட்டிக்கொள்ளும். எந்த மருந்தாக இருந்தாலும் அது முதலில், சுக்ரால்ஃபேட் கடைசியில் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சுக்ரால்ஃபேட் புண்ணில் கசியும் புரதத்தோடு ஒட்டித்தான் வேலை செய்கிறது. வயிற்றில் சோறும் கோழியும் இருந்தால் அந்தப் புரதத்தோடு ஒட்டிவிடும், புண்ணுக்கு மிச்சமிருக்காது. அதனால் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னால், அல்லது 2 மணி நேரம் பின்னால். ஓமெப்ரசோலும் வெறும் வயிற்றில்தான், ஆனால் அதற்கு நியாயம் வேறு: சாப்பாடு வந்ததும் அமிலம் சுரக்கும் செல்கள் விழித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடக்கும். 30 முதல் 45 நிமிடம் முன்னால் போதும். டாக்ஸிக்கு நேர் எதிர். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். அந்தச் சாப்பாட்டில் பாலும் தயிரும் வேண்டாம், கால்சியமும் டாக்ஸியைப் பிடிக்கும்.

இதையெல்லாம் சேர்த்து 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக் கடிகாரத்தில் போட்டால் இப்படி வரும். காலை 6:00 ஓமெப்ரசோல். 6:45 சாப்பாடு, அதற்குள் டாக்ஸி, பிரெட்னிசலோன் இருந்தால் அதுவும். 9:30 சுக்ரால்ஃபேட். மதியம் 1:00 கொஞ்சம் சாப்பாடு. 3:30 சுக்ரால்ஃபேட். மாலை 6:00 ஓமெப்ரசோல், 6:45 சாப்பாடும் டாக்ஸியும், இரவு 9:30 சுக்ரால்ஃபேட், அதோடு கதவடைப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்கு 3:30 முடியாது. அப்போது அந்த ஒரு வேளையை விட்டு இரண்டு வேளையாக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூன்று வேளையும் கொடுத்தாக வேண்டும் என்று டாக்ஸியோடு சேர்த்துத் திணிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அளவைப் பற்றி. டாக்டர் எழுதியதே சட்டம். இது சீட்டைச் சரிபார்க்க மட்டும். சுக்ரால்ஃபேட் பெரிய நாய்க்கு (20 கிலோவுக்கு மேல்) 1 கிராம், சின்ன நாய்க்கு அரை கிராம், பூனைக்குக் கால் கிராம், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை (பூனைக்கு 8 முதல் 12 மணி). ஓமெப்ரசோல் கிலோவுக்கு 1 மி.கி., தினம் இரண்டு முறை. ஒரு வேளை மட்டும் கொடுத்தால் நாயில் நாள் முழுக்க அமிலம் அடங்காது. மனிதர்களுக்கு ஒரு வேளை போதும் என்ற பழக்கத்தில் இங்கேயும் ஒரு வேளை எழுதுவது உண்டு. கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதில் தப்பில்லை.

ஓமெப்ரசோல் கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளுக்கு ஒரு மேல்பூச்சு உண்டு. அமிலத்தில் அது கரையாது, குடலில்தான் கரையும். கேப்சூலைத் திறக்கலாம், குருணையை நசுக்கக் கூடாது. 5 கிலோ நாய்க்கு 20 மி.கி. கேப்சூலைப் பிரித்துக் கண்ணளவில் நாலு பங்கு போடுவதற்குப் பதில் 10 மி.கி. கேப்சூல் கேட்டு வாங்கிப் பாதியாக்குவது சுலபம். குருணையை ஒரு ஸ்பூன் தயிரில் தூவி உடனே கொடுங்கள். தயிரின் புளிப்பில் பூச்சு தாங்கும். பாலில் போட்டு ஊறவிட்டால் கரைந்துவிடும். (தயிர் இங்கே சரி, டாக்ஸி நேரத்தில் தவறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

சுக்ரால்ஃபேட் மாத்திரையை முழுசாகக் கொடுப்பதைவிடக் கரைத்துக் கொடுப்பது நல்லது. 10 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டனை உருவி, மாத்திரையை உள்ளே போட்டு, பிஸ்டனைத் திரும்பச் செருகி, 5 மி.லி. வெதுவெதுப்பான நீரை உறிஞ்சுங்கள். ஐந்து நிமிடத்தில் மாவாகிவிடும். கொடுக்கும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கி நாய்க்கு வெறும் தண்ணீர்தான் போகும். அரை மாத்திரை என்றால் குலுக்கியதும் பாதியைக் கொட்டிவிடுங்கள். கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்னப் பைக்குள் நுனியை வைத்து 1 மி.லி. 1 மி.லி.யாக, விழுங்க நேரம் கொடுத்து. தலையை அண்ணாந்து பிடித்து ஒரே பீச்சாகப் பீச்சினால் நுரையீரலுக்குள் போகும். அல்சர் ஆறும் முன் நிமோனியா வந்துவிடும்.

கடையில் சிரப் கேட்டால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, 1 கிராம் மருந்து 5 மி.லி.யில் இருக்கிறதா 10 மி.லி.யிலா என்பது, இரண்டு விதமும் விற்கிறது. இரண்டு, கூட்டு மருந்து. ஆக்ஸெட்டகெய்ன் சேர்ந்த சிரப் தொண்டையை மரத்துப்போக வைக்கும், அது வேண்டாம். லேபிளில் சைலிடால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு) என்று இருந்தால் நாய்க்கு விஷம்: ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும், கல்லீரலும் கெடும். மாத்திரை வாங்கிக் கரைப்பதுதான் நிம்மதி.

பூனைக்கு மாத்திரையை உலர்வாகத் தொண்டையில் தள்ளக் கூடாது. உணவுக் குழாயிலேயே நின்றுவிடும், அதுவும் டாக்ஸி நின்றால் அங்கே புண்ணாகி, ஆறும்போது குழாய் சுருங்கி, பிறகு பூனை எதையுமே விழுங்க முடியாத நிலை வரும். மாத்திரைக்குப் பின்னால் 5 மி.லி. தண்ணீர் கட்டாயம். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு நாள்கணக்கில் சுக்ரால்ஃபேட் கொடுத்தால் அலுமினியம் உடம்பில் தங்கும், மலமும் இறுகும்.

அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஃபமோட்டிடின் நாயில் முதல் சில நாள் நன்றாகக் கேட்கும். இரண்டு வாரத்துக்குள் உடம்பு பழகிப்போய் பலன் இறங்கிவிடும். புண்ணுக்கு அதை நம்ப முடியாது. ரானிடிடின் அதற்கும் கீழே. மைசோப்ராஸ்டால் வலி மாத்திரையால் வந்த புண்ணுக்கு எழுதப்படுவது. கர்ப்பிணிகள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது, கருவைக் கலைக்கும். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சீட்டில் எழுதாமல் வீட்டிலிருந்தே சேரும் மருந்துதான் அதிகக் கேடு. நொண்டுகிறது என்று புரூஃபென், டைக்ளோஃபெனாக் கொடுப்பது நாயின் இரைப்பையை ஓட்டை போடுகிற அளவுக்குப் போகும். பிரெட்னிசலோன் ஓடிக்கொண்டிருக்கும்போது மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து கூடச் சேர்ந்தாலே ஆபத்து பல மடங்கு. பாரசிட்டமால் பூனைக்குக் கொல்லும் விஷம், ஒரு மாத்திரையே போதும். வேறொரு டாக்டரிடம் போனால் பழைய சீட்டையும் எடுத்துப் போங்கள்.

ஸ்டீராய்டு மட்டும் போகிறது, வாந்தியோ கருப்பு மலமோ இல்லை என்றால் அல்சர் மாத்திரை அவசியமா என்று கேளுங்கள். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ நிபுணர்களின் 2018 ஒருமித்த அறிக்கை, அப்படி முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பதற்கும் சுக்ரால்ஃபேட்டையும் ஓமெப்ரசோலையும் சேர்த்துக் கொடுப்பதற்கும் போதிய சான்று இல்லை என்கிறது. ஒரு மருந்து குறைந்தால் மேலே போட்ட கால அட்டவணையும் பாதியாகச் சுருங்கும்.

ஓமெப்ரசோலின் முழு பலன் தெரிய 2 முதல் 4 நாள் ஆகும். முதல் நாளே வாந்தி நிற்கவில்லை என்று மருந்தை மாற்றாதீர்கள். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஓடியிருந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், அமிலம் பழையதைவிட அதிகமாகச் சுரக்கும். முதல் வாரம் பாதி அளவாக, அதாவது இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளையாக இறக்கி, அதற்குப் பிறகு நிறுத்த வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக்க வேண்டாம். மருந்து கொடுத்ததும் வாந்தி எடுத்தாலும் அப்படியே.

மலம் கருப்பாக இருந்தால் இரும்புச்சத்து டானிக்கா ரத்தமா என்று சந்தேகம் வரும். ஈரப்படுத்திய வெள்ளைத் தாளில் கொஞ்சம் வைத்துப் பாருங்கள். விளிம்பில் செம்பழுப்பு கசிந்தால் ரத்தம். தார் போல ஒட்டும் மலம், டிகாக்‌ஷன் வடிகட்டிய காபிச் சக்கை போல வாந்தி, வெளுத்த ஈறு, வயிற்றைத் தொட்டாலே முனகல், முன்னங்கால்களை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது: இவற்றில் ஏதாவது வந்தால் மாத்திரையோடு நேரம் கடத்தக் கூடாது. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே, இல்லையென்றால் ஸ்கேன் வசதியுள்ள அருகிலிருக்கும் மருத்துவமனைக்கு. போகும்போது ஒரு துண்டுத் தாளில் கடைசியாக எந்த மருந்து எத்தனை மணிக்கு, கடைசிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.