கேள்விக்குறிக்கு 30 மதிப்பெண்

மரபணுத்தொகையை (ஒரு உயிரின் முழு டிஎன்ஏவை) இயந்திரம் எப்படிப் படிக்கிறது என்று கற்க நானும் முதலில் யூடியூபில்தான் உட்கார்ந்தேன். இந்த இயந்திரங்களைச் செய்யும் இல்லுமினா நிறுவனமே போட்டிருக்கும் அனிமேஷனில் டிஎன்ஏ துண்டுகள் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கொத்துக் கொத்தாகப் பெருகி, ஒவ்வொரு எழுத்து (A, C, G, T என்ற நாலில் ஒன்று) சேரும்போதும் நிறம் காட்டும். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் யாராவது கேட்டால் வாயில் ஒன்றும் வராது.

எனக்குப் புரிந்தது, படித்த துண்டுகள் பதிவாகும் ஃபாஸ்ட்க்யூ (FASTQ) கோப்பு ஒன்றைத் திறந்த அன்றைக்குத்தான். ஒரு துண்டுக்கு நாலு வரி: பெயர், எழுத்துகள், ஒரு கூட்டல் குறி, கடைசியில் பூச்சி ஊர்ந்த மாதிரி என்னென்னவோ குறிகள். அந்தக் குறிகள்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் இயந்திரம் போடும் மதிப்பெண். கேள்விக்குறி என்றால் சந்தேகம் போல என்று நினைத்தேன், பார்த்தால் அது 30, அதாவது ஆயிரத்தில் ஒன்றுதான் தப்பாக வாய்ப்பு. ஆச்சரியக்குறிதான் பூஜ்யம்!

இதைச் செய்து பார்க்க, மரபணுத் தரவை இணையத்திலேயே அலசும் கேலக்ஸி (Galaxy) தளத்தின் பயிற்சிப் பாடங்களை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. இலவசம், லினக்ஸ் தெரிய வேண்டாம், உங்கள் பழைய லேப்டாப்பில் பிரவுசர் ஓடினால் போதும், கணக்கெல்லாம் அவர்களுடைய சர்வரில் நடக்கும். தரம் பார்க்கும் பாடத்தை முதலில் எடுங்கள். துண்டின் கடைசியை நெருங்க நெருங்க மதிப்பெண் சரிவதைப் பார்ப்பீர்கள். கும்மியில் நாலு பேர் தாளம் தவறினால் பரவாயில்லை, சுற்றுக்குச் சுற்று இன்னும் சிலர் தவறிக்கொண்டே போனால்? கொத்தில் இருக்கும் நகல்களும் அப்படித்தான், சில பிந்தும், சில முந்தும், நிறம் கலங்கிவிடும்.

அப்புறம் துண்டுகளைப் பொருத்தும் கணக்குக்கு பென் லாங்மீடின் யூடியூப் விரிவுரைகள் (பொறுமை வேண்டும்), நிரல் எழுதப் பழக ரோசலிண்ட் தளத்தின் புதிர்கள்.

நானோபோர் பற்றிப் படிக்கும்போது மட்டும் தேதியைப் பாருங்கள். டிஎன்ஏ இழை ஒரு நுண்துளை வழியே போகும்போது மின்னோட்டம் மாறுவதை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் முறை அது. 2014-இல் வெளிவந்த புதிதில் பத்து எழுத்துக்கு ஒன்றுக்கு மேல் தப்பும், இப்போது நிலைமையே வேறு, ஆனால் பழைய வீடியோக்கள் அந்தப் பழைய கதையைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

முதல் பயிற்சிக்கு மனித மரபணுத்தொகையை எடுக்காதீர்கள், 300 கோடி எழுத்து. நான் ஃபை-எக்ஸ் 174 என்ற வைரஸை எடுத்தேன், வெறும் 5,386 எழுத்து. 1977-இல், டிஎன்ஏ படிக்கும் முறைகளை உருவாக்கிய விஞ்ஞானி சேங்கரின் குழு படித்தது அதைத்தான், இல்லுமினா இயந்திரத்தைச் சரிபார்க்க இன்றைக்கும் கூடவே போட்டு ஓட்டுவதும் அதையேதான்.