திருநம்பியா, திருநங்கையா? ஓர் அடையாள அட்டை வாங்கிய அனுபவம்

ஆண், பெண் இரண்டிலும் சேராத நான்பைனரி ஆட்களுக்கு அரசு அடையாள அட்டை கிடைக்குமா என்று யாராவது அடிக்கடி கேட்கிறார்கள். கிடைத்தது. நான் 2023இல் வாங்கினேன். அலைச்சல் உண்டு, ஆனால் எந்த இடத்தில் அலைய விடுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி குறையும். நான் விண்ணப்பித்தபோது இருந்த சட்டத்தையும் விதிகளையும் வைத்துச் சொல்கிறேன். நீங்கள் போவதற்கு முன் இன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள். அது எனக்கு ஒட்டவில்லை. அதற்காக ஆண் என்று மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. மதி என்ற பெயரை நானே வைத்துக்கொண்டேன்.

தன் பாலினம் இன்னது என்று ஒருவர் தானே சொல்லும் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2019இல் வந்த திருநர் (பிறந்தபோது எழுதிய பாலினம் ஒட்டாதவர்) சட்டத்தில் நான்பைனரி என்ற சொல் கிடையாது. ஆனால் திருநர் யார் என்று சொல்லும் பட்டியலில் திருநம்பி (பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்பவர்), திருநங்கை, ஊடுபால் வேறுபாடு உள்ளவர் (உடலமைப்பிலேயே ஆண், பெண் என்று பிரிக்க முடியாதவர்) ஆகியோரோடு ஜெண்டர்குயர் (ஆண், பெண் என்ற வரையறைக்குள் நிற்காதவர்) என்றும் இருந்தது. நமக்கான வாசல் அதுவாக இருந்தது. மாவட்ட ஆட்சியர் தந்த சான்றிதழில் பாலினம் ‘திருநர்’ என்று வந்தது. ஆண் அல்லது பெண் என்று மாற்ற வேண்டுமென்றால் அறுவை சிகிச்சைச் சான்றோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இது என் திருநம்பி நண்பர்களுக்குப் பெரிய அநியாயம். நால்சா தீர்ப்பையே தலைகீழாக்குவது. எனக்கோ முதல் படியே கடைசிப் படியாக அமைந்துவிட்டது. அவர்களை மறிக்கும் விதி எனக்கு வசதியாக இருந்ததில் இன்றும் ஒரு கூச்சம் இருக்கிறது.

முதல் வேலை உறுதிமொழிப் பத்திரம். 20 ரூபாய் முத்திரைத்தாள் வாங்கிக்கொண்டு நோட்டரி வக்கீலிடம் போனேன். டைப் அடிக்கும் அக்கா பாதியில் நிமிர்ந்து, “இன்னாருடைய மகன்னு போடவா, மகள்னு போடவா?” என்றார். வக்கீல் திரும்பிக்கூடப் பார்க்காமல், “த/பெ போட்டு அப்பா பேரை எழுதும்மா” என்றார். வாக்காளர் பட்டியலில் இருந்து ரேஷன் கடை வரை புழங்குகிற அந்த ‘தந்தை பெயர்’ இருக்க, நான் ஒரு வாரமாகத் தலையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் திருநருக்கான தேசிய இணையதளம். 2020 நவம்பரில் தொடங்கியது. பழைய பெயர், புதிய பெயர், பிறந்தபோது கொடுத்த பாலினம், இப்போது கோரும் பாலினம், முகவரி, புகைப்படம், பத்திரம். இதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலை நேரத்தில் தளம் திணறும், இரவில் உட்காருங்கள்.

யாரையும் நேரில் பார்க்காமலே எல்லாம் முடியும் என்பதுதான் அந்தத் தளத்தைத் தொடங்கியபோது அரசு சொன்னது. ஆனாலும் சில வாரம் கழித்து, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அரசு அலுவலகத்தில் இருந்து போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். போனேன். மேசையில் இருந்தவர் என்னையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீங்க திருநம்பியா?” என்றார்.

“இல்லைங்க.”

“அப்ப திருநங்கையா?”

“அதுவும் இல்லைங்க. திருநர். ஆண், பெண் ரெண்டுலயும் சேராதவங்க.”

அவர் கிண்டல் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நிஜமாகவே குழம்பினார். தமிழ்நாட்டில் 2008இலேயே நலவாரியம் அமைத்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம், பட வேண்டியதுதான். ஆனால் அது திருநங்கையரை மனத்தில் வைத்துக் கட்டிய அமைப்பு. அந்த மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள். திருநம்பிகளையே இப்போதுதான் பார்க்கிறார்கள். மூன்றாவதாக நான் போய் நின்றால் அவரும் என்ன செய்வார்?

குழப்பம் தீராதபோது வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டு வாருங்கள் என்றார். அப்பா அம்மாவையும் கூட்டி வாருங்கள் என்றார். நல்ல சம்பளத்தில் வேலை பார்த்து, சொந்தமாக வரி கட்டுகிற ஆளிடம்!

இங்கேதான் நான் கையோடு கொண்டு போயிருந்த காகிதம் உதவியது. திருநர் சட்டத்தின் 2020 விதிகளை அச்செடுத்து, தேவையான வரியில் மஞ்சள் கோடு போட்டிருந்தேன். மருத்துவப் பரிசோதனையோ உடல் பரிசோதனையோ இல்லாமல், உறுதிமொழிப் பத்திரத்தின் அடிப்படையிலேயே விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்கிற வரி அது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், அதை எதிர்த்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிற வரி இன்னொன்று. பக்கத்து மேசையில் இருந்த மூத்த ஊழியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். “சரி, ரூல்ஸ்ல இருக்கு. நாம எதுக்கு மறிக்கணும்? மனுதாரர் நேரில் ஆஜரானார்னு போட்டு மேல அனுப்புங்க” என்றார். மகனா மகளா என்ற பேச்சே எழவில்லை. ‘மனுதாரர்’ என்ற சொல்மேல் அன்றைக்குத்தான் எனக்குப் பிரியம் வந்தது.

எனவே வாக்குவாதம் வேண்டாம். உங்கள் வாழ்க்கைக் கதையையும் அங்கே சொல்ல வேண்டாம், கேட்டால்கூட. நீங்கள் போகும்போது நடப்பில் உள்ள விதியின் காகிதத்தை நீட்டுங்கள். அவர்களுக்கும் கோப்பில் வைக்க ஒரு பிடிமானம் தேவைப்படுகிறது.

விதிப்படி 30 நாளில் வர வேண்டிய சான்றிதழ் அதைவிட நன்றாகவே தாமதமாக வந்தது. இடையிடையே தளத்தில் நிலையைப் பார்த்து, விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் போன் செய்துகொண்டிருந்தேன். சான்றிதழும் அட்டையும் வந்தபின் செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். முதலில் ஆதார். பெயரையும் பாலினத்தையும் சேர்த்தே மாற்றினேன், அப்போது 50 ரூபாய்தான் ஆனது. ஆதாரில் பாலினத்தைச் சாதாரணமாக ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள், ஆகவே அவசரப்படாதீர்கள். அடுத்து பான் அட்டை. அதில் 2018 முதலே திருநர் என்ற கட்டம் உண்டு. வங்கிப் படிவங்களில் மூன்றாம் பாலினம் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015இலேயே சொல்லிவிட்டது. என் வங்கிக் கிளையில் படிவத்தில் இருந்தது, கணினியில் மட்டும் திரு, திருமதி, செல்வி தாண்டி எதுவும் வரவில்லை. கடைசியில் மேலாளர் வேறொரு திரையில் எதையோ தேடிக் கண்டுபிடித்தார்.

வீட்டு விஷயம் தனி. அட்டையை அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, “இதனால வேலைக்கு ஒண்ணும் பிரச்சினை வராதே?” என்று மட்டும் கேட்டார். அம்மா ரொம்ப நாள் பழைய பெயரையும் ‘வாடி போடி’யையும் விடவில்லை. இப்போது சித்தியிடம் போனில், “புள்ள வந்திருக்கு, சாப்பிட்டுட்டு இருக்கு” என்கிறார். ‘அது’ என்று சொன்னால் எங்கள் நண்பர் வட்டத்தில் சண்டைக்குப் போவார்கள். நியாயம்தான், தெருவில் திருநரை அப்படிக் கூப்பிடுவது அவமானப்படுத்தத்தான். ஆனால் எங்கள் ஊரில் தூளியில் கிடக்கும் குழந்தைக்கும் அதே விகுதிதான். அம்மா எதை நினைத்துச் சொல்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. நண்பர்கள் ‘மதி வந்தாங்க’ என்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

டவுன் பஸ்ஸில் மட்டும் இன்னும் ஒரு தீர்வும் இல்லை. 2021இல் மகளிருக்கும் பின் திருநங்கையருக்கும் கட்டணமில்லாப் பயணம் வந்தது. சட்டை, கிராப்பு, என் குரல் மூன்றையும் கூட்டிக் கழித்து நடத்துநர் சில நாள் காசு கேட்பார், சில நாள் கேட்காமலே மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் அட்டையை எடுத்துக் காட்டி வகுப்பெடுக்க எனக்குப் பொறுமை இல்லை. கேட்டால் காசு கொடுத்துவிடுகிறேன்.

பாக்கி இருப்பது பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள். மாற்றித்தர வேண்டிய ஆவணங்களின் பட்டியலில் அவையும் உண்டு. விண்ணப்பித்தால் 15 நாளில் தர வேண்டும், பழைய எண்ணே தொடர வேண்டும் என்று அந்த 2020 விதிகளில் இருந்தது. அந்த வரிக்கும் மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் லீவு கிடைத்தால் போகிறேன்.