எம்டன் விரிசல்

எங்கள் பவளக்காரத் தெரு வீட்டுக் கூடத்தில், உத்தரத்துக்குக் கீழே தொடங்கி ஜன்னல் மூலைவரை இறங்கும் விரிசல், 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னை மீது குண்டு போட்டபோது விழுந்தது என்பது பெரியப்பாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. வருகிறவர்களுக்குக் காப்பிக்கு முன்பே விரிசல் காட்டப்படும். காப்பி குடித்ததும் நழுவப் பார்ப்பவரை, உயர் நீதிமன்ற மதிலில் பதித்திருக்கும் எம்டன் கல்வெட்டுவரை நடத்தியே கூட்டிப்போய்விடுவார்.

மழைக்கு ஒழுகுகிறது என்றுதான் வேலையைத் தொடங்கினோம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸைச் சிமெண்டால் மூடினால், ஈரம் வெளியேற வழியின்றி மரம் உளுத்துவிடும் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுக் குழைக்க ஏற்பாடாயிற்று. முற்றத்து வெல்ல மூட்டைக்கு ஜார்ஜ் டவுன் எறும்புகள் அத்தனையும் குடும்பத்தோடு வந்திறங்கின. சுவருக்குப் போய் இவ்வளவு நல்ல வெல்லமா என்று பெரியம்மாவும் தம் பங்குக்கு எடுத்துக்கொண்டதில், ஒரே வாரத்தில் மூன்று முறை சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம்.

நேற்றுக் காலை மேஸ்திரி விரிசலில் உளியை வைத்தார். காரை உதிர்ந்ததும், சுண்டுவிரல் தடிமனில் இரண்டு முழத்துக்கு ஓர் அரச வேர், செங்கல் தூள் அப்பியபடி வெளியே வந்தது. அதைத் திண்ணையில் பாம்பைப் போல் நீட்டி வைத்துவிட்டு, "கைப்பிடிச் சுவரில் முளைத்த கன்றை மேலோடு நறுக்கிவிட்டு யாரோ சிமெண்டைப் பூசியிருக்கிறார்கள், ஐயா" என்றார். அக்கா கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது, கொத்தனார் கூலி மிச்சமென்று அதைப் பூசியவர் பெரியப்பாவேதான்.

"அப்போது எம்டன் இவர்தான்" என்று பெரியம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்.

பெரியப்பா அசரவில்லை. குண்டு பிளந்த வழியில்தான் வேர் நுழைந்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு சாண் விரிசலை மட்டும் மூடாமல் விடும்படி கேட்டார். அது மேலும் உதிராமல் ஓரங்கட்ட வேண்டும், அதற்கு அரைநாள் கூலி தனி என்றார் மேஸ்திரி. கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குக் கால்மணி நேரம் வாதாடுகிறவர், மறுபேச்சின்றிச் சட்டைப் பையில் கைவிட்டார்.