ஐந்து மார்க் கேள்வி

இருபத்தாறு வருடம் வரலாறு நடத்தியிருக்கிறேன். வேலூர் புரட்சி என்றால் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் காரணங்கள், வலப்பக்கம் விளைவுகள். பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்து ஐந்து மார்க்கையும் வாங்கிவிடுவார்கள்.

வேலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இருந்தபோது, ஒரு நாள் காலை வழிபாடு முடிந்ததும் முடி நீளமாக இருந்த பையன்களை வரிசையில் நிறுத்தி அங்கேயே வெட்டிவிட்டார்கள். அதில் ஒருவன் என் பத்தாம் வகுப்புப் பையன். திருத்தணிக்கு நேர்ந்துகொண்டு வளர்த்த முடி. "ஆடிக் கிருத்திகைக்கு எடுத்துடுவேன் சார்" என்று கெஞ்சினான். நானும் அங்கேதான் நின்றேன். ஒழுங்கு வேண்டும்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாவது பீரியட் இந்தப் பாடம். 1805 நவம்பரில் ஆங்கிலேயக் கம்பெனியின் சென்னைப் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவைச் சொன்னேன். நெற்றியில் சமயக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும். அது மாட்டுத்தோலா, பன்றித்தோலா என்று பேச்சு கிளம்பியது. அடுத்து மதம் மாற்றுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

"தொப்பிக்காகவா சார் இவ்வளவு சண்டை?" என்றான் முன்பெஞ்சுப் பையன். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் முடி வெட்டப்பட்டவன் மட்டும் பின்கழுத்தில் ஒட்டியிருந்த துண்டு முடிகளைத் தட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான், "அவங்க வீட்டுக்குப் போய் என்ன சார் சொல்லியிருப்பாங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கரும்பலகையில் போட்ட கோட்டை அழித்துவிட்டு, கதையாகவே சொன்னேன். 1806 மே மாதமே வேலூர்ச் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையைக் கட்ட மறுத்தார்கள். கசையடிதான் கிடைத்தது. ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை அவர்கள் கையில். கோட்டையின் ஆங்கிலேயத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட் சுடப்பட்டார், மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் கோட்டையைப் பிடித்துவிட்டார். ஏறக்குறைய நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். கோட்டையில் சிறைவைத்திருந்த திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். மறுவருடம் சென்னை கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

அந்த உடை உத்தரவு? கலகம் அடங்கியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இத்தனை வருடம் இதை வலப்பக்கம் ஒரு வரியாக எழுதிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். மே மாதம் சிப்பாய்கள் வாய்விட்டுச் சொன்னபோதே செய்திருக்கக்கூடிய காரியம்! அன்றுதான் அது எனக்கு உறைத்தது. இரண்டு பக்கமும் எத்தனை உயிர்!

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவன் அம்மா கோபப்படவில்லை. "சரி விடுங்க சார். அந்த முடியையாவது குடுங்க, கோயில்ல சேர்த்துடறேன்" என்றார்.

காலையிலேயே பெருக்கிக் குப்பையில் கொட்டியிருந்தார்கள்.