கிரிஷேவட்ஸ் மலையில் சிலுவைப் பாதை

மெட்ஜுகோரியே என்றதும் பலருக்கும் 1981 ஜூன் மாதம்தான் ஞாபகம் வரும். பொஸ்னியா ஹெர்சகோவினாவின் இந்தக் கிராமத்தில் ஆறு இளையோர் அன்னை மரியாவைக் கண்டதாகச் சொன்னது அப்போதுதான். அந்தக் காட்சி நடந்த குன்றுக்கு நானும் போனேன். ஆனால் என் மனசு ஒட்டிக்கொண்டது கிரிஷேவட்ஸ் மலையில்.

அதன் உச்சியில் எட்டரை மீட்டர் உயர கான்கிரீட் சிலுவை நிற்கிறது. இயேசு பாடுபட்டு 1900 ஆண்டுகள் ஆனதன் நினைவாக ஊர்மக்களே கட்டி, 1934 மார்ச்சில் முடித்தார்கள். புகையிலையும் திராட்சையும் போட்டுப் பிழைத்த ஏழை ஜனங்கள், கட்டுமானப் பொருளையெல்லாம் முதுகில் சுமந்தே மேலே ஏற்றினார்களாம். காட்சிக்கு 47 வருஷம் முன்னாலேயே இந்த விசுவாசம் இருந்திருக்கிறது. எனக்கு அதுவே பெரிய புதுமை.

ஏறுவது லேசில்லை. படிக்கட்டு கிடையாது. மழைநீர் அரித்த சுண்ணாம்புப் பாறை, முள் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஜனங்கள் மிதித்து மிதித்து வழவழப்பான இடத்தில் கால் வழுக்கும். இதில் வெறுங்காலோடு ஏறுகிறவர்களும் உண்டு! நான் செருப்பைக் கழற்றவில்லை. வழிநெடுக வெண்கலப் புடைப்புச் சிற்பங்களாக, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் சிலுவைப் பாதை நிலைகள். ஒவ்வொன்றிலும் நின்று செபித்தோம், மூச்சும் வாங்கிக்கொண்டோம்.

மேலிருந்து பார்த்தால் வயல்களுக்கு நடுவே புனித யாக்கோபு ஆலயத்தின் இரட்டைக் கோபுரம். 1969இல் முடிந்த கோயில். இந்த ஆலயத்தின் கீழ் வரும் பங்கைச் சேர்ந்த இன்னொரு ஊர் ஷுர்மான்சி. 1941 ஆகஸ்டில் பிரெபிலோவ்சி கிராமத்து செர்பியப் பெண்களையும் குழந்தைகளையும் நூற்றுக்கணக்கில் அங்கே கொண்டுவந்து, ஆழமான பாறைக் குழியில் தள்ளிக் கொன்றார்கள் குரோஷிய பாசிஸ்டுகளான உஸ்தாஷாக்கள். நாற்பது வருஷம் கழித்து அதே பங்கில் அன்னை ‘அமைதியின் அரசி’யாக வந்தார் என்கிறார்கள். எங்கள் பயணத் திட்டத்தில் ஷுர்மான்சி இல்லை. இருந்திருக்க வேண்டும். சிலுவையடியில் அந்த ஆன்மாக்களுக்காக ஒரு செபமாலை சொன்னோம்.

சரி, காட்சி உண்மைதானா? 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் பங்குகளும் மறைமாவட்டங்களும் இங்கே திருயாத்திரை நடத்த அனுமதி தந்தார். 2024 செப்டம்பரில் வத்திக்கான் இங்குள்ள பக்தி முயற்சிகளுக்குத் தடையில்லை என்றது. காட்சிகள் தெய்வீகமானவைதான் என்று மட்டும் அறிவிக்கவில்லை. மாலையில் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசையில் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.