மொட்டை மாடியில் பசுமைக்குடில் போடலாமா?

போன பொங்கலுக்கு ஓசூரிலிருந்து தம்பி வந்திருந்தான். அங்கே ஒரு ரோஜாப் பண்ணையில் அவனுக்கு வேலை. சாப்பிட்டு முடித்து மாடிக்கு வந்தவன், என் தக்காளிச் செடிகளைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. புயல் மழை ஓய்ந்த பிறகு நட்டவை. பத்துப் பைகளில் ஏழில் இலை சுருண்டு, ஓரம் கிண்ணம் போல மேலே மடிந்து, மஞ்சள் பாரித்து நின்றன. லேசாக ஒரு செடியைத் தட்டினான். அடியிலிருந்து வெள்ளை ஈ தூள் பறந்தது.

"என்னக்கா இது, இவ்வளவு மெனக்கெட்டு வளர்த்து! பேசாம ஒரு குடில் போட்டுடு. ஈயும் வராது, மழையும் அடிக்காது. வருஷம் முழுக்கக் காய் பறிக்கலாம்" என்றான்.

அன்றைக்குப் பிடித்த ஆசை. ஐந்து மாதம் அதைத் தவிர வேறு நினைப்பில்லை. கடையில் ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதுகூட மனசு மாடியைத்தான் அளந்துகொண்டிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை, திருப்பாதிரிப்புலியூரில் வீடு. மாடி 30-க்கு 22 அடி. அறுபது பைகள் வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், பாலூர் கத்தரி, கீரை, கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சுரையும் பாகலும்.

பிப்ரவரியில் குடில் போடுகிற ஒருவரை வரவழைத்தேன். 12-க்கு 15 அடி, ஜி.ஐ. பைப் சட்டம், மேலே 200 மைக்ரான் பாலிதீன் தாள், பக்கங்களில் பூச்சி வலை. 72 ஆயிரம் சொன்னார். என்னிடம் சீட்டு எடுத்த பணம் இருந்தது, தொகை பிரச்சினையில்லை. "தாள் எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டேன். மூன்றிலிருந்து ஐந்து வருஷம் என்றார். "காலை எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். தரையில் துளை போட்டு போல்ட் அடிக்கணும் என்றார். மாடி முழுக்கத் தட்டோடு பதித்திருக்கிறோம். அதில் பத்து இடத்தில் துளை போட்டால், ஐப்பசியில் எந்த அறையில் முதலில் ஒழுகும் என்று என் வீட்டுக்காரர் கையைக் காட்டியே சொல்லிவிட்டார். சரி, துளை போடாமல் கான்கிரீட் கட்டையில் நிறுத்தலாமா என்றால், அதற்குக் குடில் போடுகிறவர் உத்தரவாதம் தரமாட்டேன் என்றார்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது வெயில். குடில் என்பது முதலில் குளிர் நாட்டுக்காரர்கள் செய்துகொண்டது. கண்ணாடி வழியே வெயில் உள்ளே போகும், மண்ணும் செடியும் சூடாகும், அந்தச் சூட்டில் காற்று சூடாகும், சூடான காற்று மேலே எழும்பி வெளியேற வழியிருக்காது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு அரைமணி கழித்துக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதேதான். ஊட்டிப் பூங்காவின் கண்ணாடி மாளிகைக்குள் நுழையும்போது இதமாக இருக்கிறதென்றால், வெளியே குளிர்வதால். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். ராத்திரியானால் அங்கே போர்வை வேண்டும். நம் ஊரில் மார்கழியில்கூட விடியற்காலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சூட்டைப் பிடித்துவைக்க வேண்டிய தேவை இங்கே எந்தச் செடிக்கு, எந்த மாதத்தில் இருக்கிறது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

இருந்தாலும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மே மாதம் இரண்டாவது வாரம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது, நாலு சவுக்குக் கழியைப் பைகளுக்குள் ஊன்றி, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை மேலேயும் மூன்று பக்கமும் கட்டினேன். ஒரு பக்கம் திறந்தே விட்டேன். உள்ளே இரண்டு தக்காளி, ஒரு மிளகாய், ஒரு தொட்டி கொத்தமல்லி. வெளியே அதே போல ஒரு ஜோடி. உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என்று இரண்டு வெப்பமானி தொங்கவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு வித்தியாசம் பெரிதாக இல்லை. பதினொரு மணிக்கு வெளியே 35, உள்ளே 44. ஒரு பக்கம் திறந்திருக்கும்போதே இப்படி. கொத்தமல்லி அன்று மத்தியானமே தலை சாய்ந்தது, சாயங்காலம் தண்ணீர் ஊற்றியும் எழுந்திருக்கவில்லை.

நான் எதிர்பாராதது அப்புறம்தான் நடந்தது. கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், கோடையில் நம்மைக் காப்பாற்றுவது கடல் காற்று. மத்தியானம் கிழக்கேயிருந்து அது நுழைந்ததும் கொடியில் காயும் துணி அசையும், புழுக்கம் சட்டென்று இளகும். அது வர நேரமான நாளில்தான் 40 டிகிரி. அன்று ஒன்றரை மணிக்கு வந்தது. வெளியிலிருந்த செடிகளின் இலைகள் ஆடின, வெப்பமானி 33-க்கு இறங்கியது. கூடாரத்துக்குள் 45. தாள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு இலை அசையவில்லை. கடல் கொடுக்கிற ஒரே ஆறுதலையும் நானே தாள் போட்டு மறித்து வைத்திருந்தேன்.

நாலாவது நாள் தக்காளிப் பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூக்காம்பின் நடுவில் முழங்கால் மூட்டு மாதிரி ஒரு சின்னக் கணு இருக்கும். அந்தக் கணு மஞ்சளாகி, நகத்தால் தொட்டதும் பூ கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த பதினொரு பூவும் அப்படியே உதிர்ந்தன. பகலில் 35-க்கு மேலே போனாலோ, ராத்திரி 25-க்குக் கீழே இறங்காவிட்டாலோ தக்காளியில் மகரந்தம் கெட்டுப்போகும், பிஞ்சு பிடிக்காது. வெளியிலிருந்த செடியிலும் நிறையத்தான் கொட்டியது, ஆனால் இரண்டு பிஞ்சாவது நின்றது.

தம்பிக்கு போன் போட்டுச் சொன்னேன். அவன் விடவில்லை. "ஃபாகர் வைக்கா, பனி மாதிரி தண்ணி தெளிக்கும். இல்லன்னா ஒரு பக்கம் ஈரத் திண்டு, எதிர்ப்பக்கம் ஃபேன்." நான் கேட்டேன்: "ஏன்டா, இந்த ஊர்ல உடம்புல வர்ற வேர்வையே காய மாட்டேங்குது. திண்டுல இருக்கிற தண்ணி எப்படிடா காயும்?" தண்ணீர் ஆவியாகும்போதுதானே சூட்டை இழுத்துக்கொண்டு போகும். காற்றே ஏற்கெனவே ஈரமாக இருக்கிற கரையோரத்தில் அந்த வித்தை பாதிதான் பலிக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரிதான்கா" என்றான். அவன் ஊரில் அது வேலை செய்கிறது, அதனால் சொன்னான். அவன்மேல் தப்பே இல்லை.

மழைக்காகவாவது போடலாமே என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அதில் நியாயமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் என் நாற்றெல்லாம் தண்டு அழுகிச் சாயும். பெரிய மழை ஒன்று பெய்தால் கீரை சேற்றோடு படுத்துவிடும். அந்த இரண்டு மாதமும் மேலே ஒரு கூரை இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆனால் நம் ஊருக்குப் புயல் காற்று வருவதும் அதே மழைக்காலத்தில்தானே.

தானே புயல் வந்த 2011 டிசம்பர் 30 காலையை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எதிர் வீட்டு மாடிக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு ஒன்று, சீட்டுக் கட்டிலிருந்து ஒரு சீட்டு உருவுவது போல எழுந்து, எங்கள் தெருவைத் தாண்டிப் போய் விழுந்ததை ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அதில் ஒன்று தாத்தா வைத்த பலா மரம். அந்த வேரைப் பிடுங்கிய காற்று என் மாடியில் நிற்கும் பைப்பை விட்டுவைக்குமா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை கரை புரண்டு எத்தனையோ பேர் வீடு வாசலை இழந்தார்கள். அவர்களுக்கு நேர்ந்ததோடு என் மாடியைச் சேர்த்துப் பேசவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்த முடிவுக்கு அதுதான் காரணம், அதனால் எழுதுகிறேன். அப்போது நான் ஒரு நிழல்வலையைக் கட்டுக்கம்பியால் முறுக்கி, இறுக்கமாகக் கட்டி வைத்திருந்தேன். மழையில் நனைந்துகொண்டு அவிழ்க்கப் போனால் கம்பி விடவில்லை. கட்டிங் பிளேயரைத் தேடி எடுத்து வருவதற்குள் காற்று வலையைப் பாய் மாதிரி ஊதிக் கழியை முறித்துப் பக்கத்து வீட்டு மாடியில் எறிந்தது. அங்கே மாலையில் குழந்தைகள் விளையாடும் இடம். அன்று ராத்திரி என்பதால் யாரும் இல்லை. அந்தக் கழியை நான் தூக்கி வந்தபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதும் நான் ஒருத்தியே போய் அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைக்க முடியாத எதையும் இந்த மாடியில் கட்டமாட்டேன். ஜூன் மாதம் அந்த 72 ஆயிரத்துக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் எனக்குள் கேட்டுப் பார்த்தேன். குடிலுக்குள் பூச்சி வராது என்றால் தேனீயும் வராதே? தக்காளியைப் பரவாயில்லை என்று விடலாம், பூங்கொத்தை விரலால் சுண்டினால் போதும். பாகலுக்கு விடிகாலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் நான்தான் தடவ வேண்டும். சுரைப்பூ சாயங்காலம் விரியும். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடையிலிருந்து வந்து மாடிக்குப் போனால், கசங்கிய வெள்ளைத் துணி மாதிரி சுருண்டிருந்த மொட்டு கண்ணெதிரிலேயே மெல்ல விரியும். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்து, உட்காராமலே அந்தரத்தில் நின்றபடி குடிக்கும். நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு அதைப் பார்ப்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா? அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த எனக்கு மனமில்லை.

அப்போ வெள்ளை ஈக்கு என்ன வழி? தம்பியிடம் ஒரு நாள் விவரமாகக் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஈ சாறு உறிஞ்சுவதைவிட அது கொண்டுவரும் இலைச்சுருட்டை நோய்தான் செடியைக் கெடுக்கிறது. நாற்றாக இருக்கும்போதே தொற்றினால் அந்தச் செடி தேறாது. நன்றாக வளர்ந்த பிறகு தொற்றினால் ஓரளவு காய்த்துவிடும். அப்படியானால் காக்க வேண்டியது முழுத் தோட்டத்தை அல்ல, விதைத்ததிலிருந்து 25, 30 நாளை. அதற்குக் கொசுவலை மாதிரி ஒரு வலைப் பெட்டி போதும். கொசுவலை தைப்பது எனக்குக் கைவந்த வேலை.

40 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 40 கண் உள்ள பூச்சி வலை ஆறு மீட்டர் வாங்கினேன். 4-க்கு 3 அடி, உயரம் இரண்டரை அடி. மூலையில் காற்று இழுத்தால் கிழியும் என்பதால் நாலு மூலைக்கும் பருத்தி நாடா வைத்து இரட்டைத் தையல். முன்பக்கம் மெத்தை உறைக்குப் போடுகிற நீள ஜிப், இரண்டு ரன்னர். அடியில் ஒரு சாண் வலையை மிச்சம் விட்டு அதன்மேல் செங்கல் வைத்துவிட்டேன், சந்து கிடையாது. வலை நைலான் என்பதால் ஊசி சூடேறி நூல் அறுந்துகொண்டே இருந்தது. 16-ஆம் நம்பர் ஊசி மாற்றி, தையலைக் கொஞ்சம் பெரிதாக வைத்ததும் ஓடியது. உள்ளே பி.வி.சி. குழாய்ச் சட்டம். தூக்கினால் அப்படியே கையோடு வரும்.

கோடைக்கு 35 சதவீத வெயிலை மறைக்கும் நிழல்வலை. இந்த முறை கம்பி இல்லை. ஓரம் மடித்துத் தைத்து, அடிக்கு ஒரு வளையம் பொருத்தி, கைப்பிடிச் சுவரில் ஏற்கெனவே இருந்த துணிக்கொடிக் கொக்கிகளில் மாட்டியிருக்கிறேன். மேற்கிலும் கிழக்கிலும் திறப்பு, கடல் காற்று தடையில்லாமல் நுழையும். மழைக்கு நாற்றுத் தட்டுகள்மேல் மட்டும் முழங்கால் உயரத்தில் ஒரு தாள் வளைவு, அதுவும் கார்த்திகை வரைக்கும்தான். எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய் ஆனது. பெரிய மழையில் கீரை இந்த வருஷமும் படுக்கும். படுக்கட்டும், கீரை 25 நாளில் மறுபடி வந்துவிடும்.

ஆடியில் விதைத்தேன். ஆவணியில் 38 தக்காளி நாற்றும் 20 மிளகாயும் வலையிலிருந்து வெளியே வந்தன. இப்போது புரட்டாசி. தக்காளியில் 6 செடி சுருண்டுவிட்டது, பிடுங்கி எறிந்தேன். மிளகாயில் இலைப்பேன் தொல்லை தனி, அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன். மீதித் தக்காளிச் செடிகள் இடுப்பு உயரத்தில் நிற்கின்றன, கீழ்க்கொத்துகளில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு.

போன ஞாயிற்றுக்கிழமை, வானம் நன்றாக இருந்தபோதே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் தனியாக அவிழ்த்துப் பார்த்தேன். வலை, தாள், பெட்டி மூன்றையும் சுருட்டி மாடிப்படி அறைக்குள் வைக்க 14 நிமிடம். தீபாவளிக்கு வரும்போது பண்ணையில் மிஞ்சிய பூச்சி வலைத் துண்டுகளை எடுத்து வருகிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறான். இரண்டாவது பெட்டிக்கு ஜிப் வாங்கி வைத்துவிட்டேன்.