சுருள் இல்லாத இண்டக்டர்

எங்கள் ஊரான வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய கிண்டல் ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இலேயே சாமி வந்துவிட்டார், பாலாற்றிலும் எப்போதாவது வெள்ளம் ஓடுகிறது, ஆனாலும் கிண்டல் நின்றபாடில்லை. போன மாதம் தங்கச்சி மகள் எங்கள் சத்துவாச்சாரி வீட்டு மாடியில் பிரெட்போர்டை (சால்டரிங் இல்லாமல் சர்க்யூட் செருகிப் பார்க்கும் பலகை) விரித்துக்கொண்டு, "சுருளே இல்லாம ஒரு இண்டக்டர் செய்யணும் மாமா" என்றாள். இண்டக்டர் என்றாலே கம்பிச் சுருள்தானே. சரி, பட்டியலில் நாலாவது சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஈசிஇ கடைசி வருடம். ப்ராஜெக்ட், கரண்ட் கன்வேயர் வைத்து ஒரு பாண்ட்பாஸ் ஃபில்டர், அதாவது ஒரு அலைவெண்ணையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் விடும் வடிகட்டி. தமிழில் 'மின்னோட்டக் கடத்தி' என்று எழுதினால் செம்புக்கம்பி என்று நினைத்துவிடுவார்கள், அதனால் கன்வேயர் என்றே விடுகிறேன்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ரூமென்ட் மெயின்டனன்ஸ். தினமும் கையில் புரள்வது, மீட்டர்களின் அளவுகளைக் கரண்ட்டாக அனுப்பும் 4 முதல் 20 மில்லிஆம்ப் லூப். கம்பி நூறு மீட்டர் போனாலும் அதன் மின்தடை அளவைக் கெடுக்காது, ஏனென்றால் சேதியைச் சுமப்பது வோல்ட்டேஜ் இல்லை, கரண்ட். அதனால் கன்வேயர் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. மூன்று முனைகள். ஒய் முனை வோல்ட்டேஜைப் பார்க்கும், கரண்ட் எடுக்காது. எக்ஸ் முனை அதே வோல்ட்டேஜை அப்படியே பிடித்துக்கொள்ளும். எக்ஸில் எவ்வளவு கரண்ட் போகிறதோ அதே அளவு இசட் முனையிலும் போகும். குறைந்த மின்தடைப் பக்கத்திலிருந்து மிக அதிக மின்தடைப் பக்கத்துக்குக் கரண்ட்டைத் தூக்கிக் கொண்டுபோய் வைப்பதால்தான் கன்வேயர் என்று பெயர்.

டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஸ்மித்தும் செட்ராவும் இதை வெளியிட்டது 1968இல், நாம் இன்றும் கையாளும் இரண்டாம் தலைமுறை வடிவம் 1970இல். ஆமாம், கல்லூரியில் நாம் சுமந்த அந்தத் தடிப் பாடப்புத்தகத்தின் அதே செட்ரா, ஸ்மித். பாவம், 741 ஆப்-ஆம்ப் (வோல்ட்டேஜைப் பெருக்கும் ஐசி) சந்தைக்கு வந்ததும் அதே 1968தான். மலிவான, எங்கும் கிடைக்கிற அந்த எட்டுக்கால் பூச்சியோடு யார் போட்டி போடுவது?

ஆனால் 741க்கு மூச்சு வாங்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதன் கெயின்-பாண்ட்வித், அதாவது கெயினையும் (பெருக்கம்) அலைவெண்ணையும் பெருக்கினால் வருவது, 1 மெகாஹெர்ட்ஸை ஒட்டித்தான். எங்களுக்கு வேண்டியது 159 கிலோஹெர்ட்ஸ், கியூ (ஃபில்டரின் கூர்மை) 10. அந்த அலைவெண்ணில் அதனிடம் மிச்சமிருக்கும் கெயின் வெறும் ஆறு. அதை வைத்துக்கொண்டு என்ன ஃபில்டர் கட்டுவது?

கன்வேயர் என்று பெயர் எழுதி விற்கும் ஐசி நம் கடைகளில் கிடைக்காது. ஆனால் ஏடி844 இருக்கிறது. கரண்ட் ஃபீட்பேக் ஆப்-ஆம்ப் என்று விற்கிறார்கள், உள்ளே இருப்பது பிளஸ் வகைக் கன்வேயரும் (எக்ஸிலும் இசட்டிலும் கரண்ட் ஒரே திசையில் போகும்; மைனஸ் வகையில் எதிர்த்திசை) அதன் பின்னால் ஒரு பஃபரும் (வோல்ட்டேஜை அப்படியே நகலெடுத்துத் தரும் பகுதி) தான். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் இசட் முனையை 5ஆவது பின்னில் வெளியே விட்டிருக்கிறார்கள், புண்ணியவான்கள். 2ஆவது பின் எக்ஸ், 3ஆவது ஒய், பஃபரின் அவுட்புட் 6ஆவது. காட்பாடியில் காலை வண்டி பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் வெயிலில் அலைந்து நாலு வாங்கி வந்தேன்.

சர்க்யூட் எளிதுதான். முதல் கன்வேயர்: ஒய்யில் உள்ளீட்டு வோல்ட்டேஜ், எக்ஸிலிருந்து கிரவுண்டுக்கு 1 கே (1000 ஓம்), இசட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட். இது இன்டக்ரேட்டர், கெப்பாசிட்டரின் ஒரு கால் கிரவுண்டிலேயே உட்கார்ந்திருக்கும். அந்த கெப்பாசிட்டர் வோல்ட்டேஜை இரண்டாவது கன்வேயரின் ஒய்யில் கொடு, அதன் எக்ஸில் இன்னொரு 1 கே, அதன் இசட்டை முதல் உள்ளீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர். உள்ளீட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே ஒரு இண்டக்டர் தெரியும். இரண்டு மின்தடைகளையும் கெப்பாசிட்டரையும் பெருக்கினால் மதிப்பு, இங்கே 1 மில்லிஹென்றி. குறுக்கே இன்னொரு 1 நானோஃபாரட் போட்டு, 10 கே வழியாக சிக்னலை விட்டால் 159 கிலோஹெர்ட்ஸில் கியூ 10.

பவர் போட்டோம். அவுட்புட் நேராக மேல் சப்ளைக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அசையவில்லை.

வழக்கம்போல் முதல் சந்தேகம் ஐசி மேல்தான். "டூப்ளிகேட் தலையில கட்டிட்டான்" என்று அந்தக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். நாலையும் மாற்றி மாற்றிச் செருகினோம். சப்ளைக் காலில் 0.1 மைக்ரோஃபாரட் விட்டுப்போயிற்றா என்று பார்த்தோம். இந்த ஐசியின் ஸ்லூ ரேட் (அவுட்புட் மாறும் வேகம்) மைக்ரோசெகண்டுக்கு 2000 வோல்ட் என்பதால் அது இல்லாவிட்டால் பிரெட்போர்டில் ஆட்டம் போடும். அதுவும் சரியாகவே இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளே பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள். "மாமா, இங்க கரண்ட் உள்ள போகணும். நம்மது வெளிய தள்ளுது."

அதேதான். இரண்டாவது மைனஸ் வகையாக இருக்க வேண்டும், ஏடி844 பிளஸ் வகை மட்டுமே. நாங்கள் கட்டியது நெகட்டிவ் இண்டக்டர். அதைக் கெப்பாசிட்டரோடு சேர்த்தால் அலைகூட வராது, சர்க்யூட்டின் 'போல்' (pole) எஸ்-தளத்தின் வலது பக்கத்தில் நிஜ அச்சின் மேலேயே உட்கார்ந்து, வோல்ட்டேஜ் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போய் சப்ளையில் முட்டும். ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு பெட்டி வரைந்து இசட் பக்கத்தில் குட்டியாக ஒரு மைனஸ் போட்டுவிட்டு 'இரண்டே கன்வேயர்கள் போதும்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மைனஸுக்கு ஒரு ஐசி காசு. இரண்டாவதின் இசட்டை, ஒய்யை கிரவுண்ட் செய்த மூன்றாவதின் எக்ஸில் விட்டால் அதன் இசட்டில் கரண்ட் திசை மாறி வரும். மாற்றினோம், ஃபில்டர் உயிர்பெற்றது. கடைக்காரர் என்னை மன்னிக்கட்டும்.

உச்சி மட்டும் 159இல் இல்லை, 150ஐ ஒட்டி நின்றது. எக்ஸ் முனையின் மின்தடை பூஜ்யம் என்பது ஏட்டுக்கணக்கு, இந்த ஐசியில் அது ஏறத்தாழ 50 ஓம். 1 கே உண்மையில் 1050 ஆகிவிடுகிறது, அலைவெண் 151.6க்கு இறங்குகிறது, மிச்சத்தை பிரெட்போர்டின் சில பிகோஃபாரடுகள் தின்கின்றன. 910 ஓமோடு தொடராக 100 ஓம் ட்ரிம்பாட் வைத்துச் சரிசெய்தோம், இரண்டு இடத்திலும். மூன்றாவதின் எக்ஸுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே வருவது ஏற்கெனவே கரண்ட்.

இன்னொன்று, 5ஆவது பின்னில் ஸ்கோப் ப்ரோபை நேராக வைக்காதீர்கள். ×1இல் வைத்தால் கேபிளோடு சேர்ந்து நூறு பிகோஃபாரட் அளவுக்கு ஏறி, ஃபில்டர் வேறு ஃபில்டர் ஆகிவிடும். மூன்றாவதின் 6ஆவது பின்னில் அதே வோல்ட்டேஜ் பஃபரோடு கிடைக்கிறது. முதல் ஐசியின் 6ஆவது பின்னைத் தொட்டுப் பார்த்தால் லோபாஸ் (தாழ்ந்த அலைவெண்களை மட்டும் விடும் ஃபில்டர்) வேறு இலவச இணைப்பாக நிற்கிறது.

அந்த எக்ஸ் மின்தடையையே கைப்பிடியாக மாற்றியவர் ஃபாப்ர் என்ற ஆய்வாளர். 1996இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கன்வேயரில், பயாஸ் கரண்ட்டை (ஐசியை இயக்கிவைக்கும் நிலையான கரண்ட்) கூட்டிக் குறைத்து அந்த மின்தடையை மாற்றலாம், அலைவெண்ணும் கூடவே நகரும். அழகான யோசனை. ஆனால் அந்த மின்தடை வெப்பநிலையோடு ஏறும். ஏசி அறையில் ட்யூன் செய்துவிட்டு வேலூர் கத்திரி வெயிலில் எடுத்துவந்தால் நாலு சதவீதம் தள்ளிப்போயிருக்கும்.

ஆடியோவுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. டிஎல்072 என்ற சாதாரண ஆப்-ஆம்பைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். நூறு கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகிறவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

அடுத்த வாரம் அவளுக்கு வைவா. இரண்டாவது ஐசியின் இசட்டைத் திருப்பும் கம்பியை ஒரு ஜம்பராக வைத்திருக்கிறாள்: ஒரு பக்கம் போட்டால் ஃபில்டர், இன்னொரு பக்கம் போட்டால் சப்ளையில் ஒட்டிக்கொள்ளும் நெகட்டிவ் இண்டக்டர். அதையும் காட்டப் போகிறாளாம். எக்ஸ்டர்னலாக யார் வருவார் என்று தெரியாமல் அந்த வம்பு எதற்கு என்றேன். கேட்பதாக இல்லை.